கேட்டவரின் காயம்

2018 மார்ச்சில், கண்டியை அடுத்த திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. இழந்தோரின் சொற்களை எழுதிவரச் சென்ற சிலருள் நாமும் இருந்தோம். பகலில் எழுதினோம், இரவில் கண்டிக்குத் திரும்பினோம். எரியாத நம் வீட்டிலும் புகை நாறியது. கதவு தட்டப்பட்டால் நெஞ்சு பதறியது.

பிறர் துயரைக் கேட்டுக்கேட்டுத் தாமும் காயமுறும் இந்நிலையை, மக்கான், பேர்ல்மன் என்னும் உளவியலாளர் இருவர் 1990இல் விளக்கினர்.

எல்லோரும் ஒரே அளவில் நோகவில்லை. நம்முள் மிக இளகிய தோழியே மிகவும் நொந்தாள். "பலவீனமான மனம்" என்றனர் சிலர். அந்த இளக்கத்தை நம்பியன்றோ ஒரு தாய் அவளிடம் வாய் திறந்தாள்?

இளகிய நெஞ்சை இறுகச் சொல்வது தீர்வாகாது. சுமையைப் பங்கிடுவதும், ஓய்வளிப்பதும், கேட்டவரின் குரலையும் கேட்பதும் பணிக்கு அனுப்புவோரின் கடமை.