நடந்துகொண்டே நூற்பவர்கள்

சின்செரோ ஊரில் வெறுங்கையோடு நடக்கும் பெண்களைப் பார்ப்பது அரிது. ஆட்டை ஓட்டிக்கொண்டு மேடேறும்போதும், அடுத்த வீட்டு வாசலில் நின்று ஊர்க்கதை பேசும்போதும், வேனுக்குக் காத்திருக்கும்போதும் அவர்கள் விரல் நுனியிலிருந்து ஒரு மரக் கதிர் சுழன்றபடி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. தரையைத் தொடுமுன் நூலைச் சுற்றி மேலே எடுத்து, மறுபடி ஒரு சுண்டு. பேச்சு நிற்பதே இல்லை.

பெரு நாட்டின் கூஸ்கோ நகரத்திலிருந்து வேனில் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். உயரம் சுமார் 3,760 மீட்டர்; நம் தொட்டபெட்டா சிகரத்தைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடுதல். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கோகா இலைத் தேநீர் தருகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் தூபாக் இன்கா யுபாங்கி என்ற இன்காப் பேரரசன் தனக்காகக் கட்டிக்கொண்ட ஊர் இது. அவன் எழுப்பிய கற்சுவர்களையே அடித்தளமாக வைத்து ஸ்பானியர்கள் தேவாலயம் கட்டினார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டுப் பேருந்தேறிவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் நூற்கக் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டேன்.

கதிருக்கு இங்கே புஷ்கா என்று பெயர். முழ நீளத்தில் ஒரு குச்சி, அதன் கீழ்ப்பக்கம் கனத்துக்காக ஒரு மர வட்டு, அவ்வளவுதான். மேல் நுனியில் கொக்கிகூடக் கிடையாது. நூலையே ஒரு சுருக்கு போட்டு மாட்டுகிறார்கள். பள்ளியில் தக்ளி சுற்றிய நம்மூர்ப் பெரியவர்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும், இவ்வளவு பெரிய தக்ளியா என்று. காரணம் இருக்கிறது. பருத்தி இழை சுமார் ஓர் அங்குலம்தான் வரும். கனமான கதிரைத் தொங்கவிட்டால் பட்டென்று அறுந்துவிடும். கம்பளி இழை அதைப்போலப் பல மடங்கு நீளம் என்பதால் பாரம் தாங்குகிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டி முதலில் செம்மறியாட்டுக் கம்பளியைத்தான் நீட்டினார். அல்பாக்கா என்ற மலைவிலங்கின் மயிர் பட்டுப்போல இருந்தது, அதைக் கேட்டேன். தலையசைத்து மறுத்துவிட்டார். ஆட்டு மயிரின் மேல் நுண்ணிய செதில்கள் புடைத்திருக்கும், சுருளும் உண்டு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அல்பாக்காவின் செதில் படிந்து கிடப்பதால் வழுக்கிக்கொண்டு போகும். ஆண்டீஸ் மலைக்கு அல்பாக்கா பழைய சொந்தம், செம்மறி ஸ்பானியரோடு வந்து இறங்கியது. இருந்தும் புதிதாகக் கற்பவர்களுக்கு வந்தேறி ஆடுதான் தோது.

“கதிரைப் பார்க்காதே, அது பாட்டுக்குச் சுற்றும். விரலைப் பார்” என்றார் பாட்டி. கெச்சுவா மொழியில் அவர் சொன்னதை, அதற்குள் இரண்டு முழம் நூற்றுவிட்டிருந்த அவர் பேத்தி, ஸ்பானிஷில் எனக்குச் சொன்னாள்.

விரலில்தான் எல்லாம் இருக்கிறது. இழைகளை மெல்லப் பிரித்து இழுக்கும்வரை முறுக்கு அவற்றுக்குள் ஏறக் கூடாது. இழுத்து முடித்த பிறகு விரலைத் தளர்த்தினால் முறுக்கு விறுவிறுவென்று மேலேறி இழைகளைப் பூட்டிவிடும். அரை நொடி முந்தினால் இழுபடாது, பிந்தினால் கதிர் தரையில். இதில் எனக்குப் பெரிய வியப்பு, முறுக்கு மெலிந்த இடத்தைத் தேடிப்போய் உட்காருகிறது என்பது. மெலிந்த இடம் விறைக்க விறைக்க, தடித்த இடம் புசுபுசுவென்று அப்படியே கிடக்கும். அதைச் சரிசெய்ய நூலைச் சற்றே எதிர்ப்பக்கம் திருப்பி, தடித்த இடத்தை இரு கையாலும் நீட்டிவிட வேண்டும். பாட்டி இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார். என் நூலில் தானியம் கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருந்தது.

ஒற்றைப் புரியாக விட்டால் நூல் தன்மேல் தானே சுருண்டுகொள்ளும். அதனால் இரண்டு புரிகளைச் சேர்த்து, முன்பு முறுக்கியதற்கு எதிர்த் திசையில் முறுக்குகிறார்கள். இரண்டு முறுக்குகளும் அவிழப் பார்க்கின்றன. ஒன்று அவிழ அவிழ மற்றொன்று இறுகுகிறது. பொதுவாக வலப்பக்கம் நூற்பவர்கள், ஒரு சில நூல்களை மட்டும் வேண்டுமென்றே இடப்பக்கம் நூற்கிறார்கள். யோக்கே என்று அதற்குப் பெயர். தீங்கு அண்டாது என்ற நம்பிக்கையில் அதைத் துணியின் ஓரத்தில் வைத்து நெய்வார்கள். ஓரம் சுருளாமல் இருக்கவும் அது உதவும். 

இன்கா அரசில் துணி பணத்தைப்போலப் புழங்கியது. போர்வீரர்களுக்குத் துணி கொடுத்தார்கள், பணிந்த தலைவர்களுக்குத் துணி பரிசளித்தார்கள், தெய்வத்துக்குத் துணியை எரித்துப் படைத்தார்கள். மானுடவியலாளர் ஜான் முர்ரா 1962இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தத் துணி அத்தனைக்கும் நூல் ராட்டை இல்லாமல், இந்தக் குச்சியிலேயே வந்தது. நெய்வதைவிட நூற்பதற்கே அதிக நேரம் பிடிக்கும். நடக்கிற நேரத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும் என்பது கையில் கதிரைப் பிடித்த பிறகுதான் விளங்கியது. மலிவு ஆலை நூல் வந்தபின் இந்த வேலை இளையவர்கள் கையைவிட்டு நழுவத் தொடங்கியது. சின்செரோவிலேயே பிறந்த நில்டா கயன்யாவ்பா, 1996இல் கூஸ்கோவில் மரபுத் துணிகளுக்கென ஒரு மையம் தொடங்கியது அதனால்தான்.

அங்கிருந்து தெற்கே போய் அபூரிமாக் ஆற்றின் மேலுள்ள கெஸ்வாசாக்கா பாலத்தையும் பார்த்தேன். முழுக்கப் புல்லால் ஆன தொங்குபாலம், நீளம் சுமார் 28 மீட்டர். பெண்கள் புல்லைத் திரித்து மெல்லிய கயிறாக்க, ஆண்கள் அவற்றை முறுக்கிப் பின்னி வடமாக்குகிறார்கள். ஆண்டுதோறும் ஜூனில் நான்கு ஊர்கள் கூடிப் பழையதை அறுத்து ஆற்றில் விட்டுப் புதிதாகக் கட்டுகின்றன. கொரோனாவால் 2020இல் கட்ட முடியவில்லை. அடுத்த மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. ஜூனில் மறுபடி கட்டிவிட்டார்கள்.

பாதி தூரம் போனதும் கைப்பிடிக் கயிற்றில் ஒரு சிறு கயிறு பிசிர்விட்டு நின்றது. பாட்டியின் நூலைப்போலவே இரண்டு புரி, புல் ஒரு பக்கமும் கயிறு எதிர்ப்பக்கமும் முறுக்கேறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் ஆடியது. பின்னால் கம்பளி மூட்டையோடு நின்ற ஒருவர், “ஐயா, அக்கரை போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள், முதலில் நடங்கள்” என்று ஸ்பானிஷில் சத்தம் போட்டார்.