கலைந்த சீட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த நாட்களில் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய் மேல் செய்தித்தாளை விரித்து ரம்மி. தலைக்கு 100 ரூபாய், 201 பாயிண்ட் ஆட்டம். முதல் ஸ்கூட் 20, மிடில் ஸ்கூட் 40, தப்பாக டிக் அடித்தால் 80. இதிலெல்லாம் சண்டை வந்ததில்லை. வந்த சண்டையெல்லாம் கீழே போட்ட சீட்டால்தான்.

ஒருமுறை விழுப்புரம் பக்கத்துத் தம்பி ஒருவன் ஸ்கூட் என்று கையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அது கட்டோடு கலந்த பிறகு, "ஐயோ, ரெண்டு ஜோக்கர் இருந்துச்சுண்ணே, பாக்காம போட்டுட்டேன்" என்று திரும்ப எடுக்கப் பார்த்தான். நான்தான் விடவில்லை. "கலைஞ்ச சீட்டுக்குக் கணக்கு கிடையாது." அதில் எந்த 13 அவனுடையது என்று யார் சாட்சி சொல்வது? அன்றிலிருந்து அது அறையின் சட்டமானது.

போக்கர் மேசையிலும் இதே தகராறு உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கழித்த சீட்டுக் குவியலை அங்கே 'மக்' என்கிறார்கள். அதில் கலந்த கை பொதுவாகச் செத்த கை. மல்லாத்தி வைத்த கை வேறு. அங்கே ஆடுகிறவன் வாய் தவறி என்ன சொன்னாலும் சீட்டு சொல்வதுதான் கணக்கு. நம் ரம்மிக்கு உச்ச நீதிமன்றமே 1967-இல், ஆந்திர வழக்கு ஒன்றில், இது திறமையாட்டம் என்று சொல்லியிருக்கிறது. விழுகிற சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்பதும் திறமை என்பது அவர்கள் சொன்ன காரணம். டிக் அடித்தவன் சீட்டைச் சரிபார்ப்பதையும் அதில் சேர்த்திருக்கலாம்.

அந்த ஞாயிறு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். நான் 140-இல் இருந்தேன். செய்யாறு அண்ணன் 168. எங்களில் மூத்தவர், ரோலிங் மில்லில் ஒப்பந்த வேலை. நான் டிக் அடித்து சீட்டை விரித்தேன். அண்ணன் கண்ணாடி போட்டிருக்கவில்லை. "சரியா இருக்காப்பா?" என்றார்.

"சரியா இருக்குண்ணே."

சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன். அவர் தன் கையை எண்ணி, "34" என்று சொல்லி, சீட்டை வீசினார். 202. அவுட். மற்றவர்களும் எண்ணி வீசினார்கள். என் சீட்டை அள்ளும்போதுதான் பார்த்தேன்: இஸ்பேடு ஏழு, எட்டு, அதையடுத்து கிளாவர் ஒன்பது. என்னிடம் இருந்த ஒரே ஒரிஜினல் ரம்மி அதுதான். அதாவது, இல்லை. ராங் ஷோ. சொன்னால் எனக்கு 80 ஏறி 220. வெளியே போக வேண்டியது நான்.

கட்டைக் கலைத்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் கலைத்தேன் என்று நினைக்கிறேன். கடைசியில் 600 ரூபாயும் எனக்கே வந்தது.

புதன்கிழமை டீக்கடையில் அண்ணனிடம் சொல்லி, 600-ஐயும் நீட்டினேன். ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டீயை முழுதாகக் குடித்து முடித்தார்.

"எனக்கு மட்டும் குடுத்தா அது லஞ்சம்டா தம்பி. ஆறு பேர் காசு. ஆறு பேர்கிட்டயும் சொல்லு."

ராத்திரி அறையில் சொன்னேன். விழுப்புரத்துத் தம்பிதான் முதலில் பேசினான். "கலைஞ்ச சீட்டுக்குக் கணக்கு கிடையாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவரவர் 100-ஐத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறும் ஆடினோம். மூன்றாவது ஆட்டத்தில் நான் டிக் அடித்தேன். அண்ணன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். கரண்ட் இருந்தது. இருந்தும் தம்பியிடம் செல்போன் டார்ச்சை அடிக்கச் சொல்லி, என் 13 சீட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ம், எண்ணுங்க" என்றார்.