தொண்டைமானாற்றுக்குப் போவோமா, சகோதரிகளே?

விடுமுறை வந்துவிட்டால் போதும், "எங்கேயாவது பீச்சுக்குப் போகலாம்" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பீச் என்றால் அவர்கள் மனத்தில் மாலத்தீவும் லங்காவியும்தான். செலவைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றுகிறது. கீழக்கரையில் பிறந்தவள் கடலைப் பார்க்க ஏழு கடல் தாண்டிப் போக வேண்டுமா என்ன? இந்தத் தடவை ஒரே ஒரு கடலைத்தான் தாண்டினோம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், தொண்டைமானாறு.

யோசனை என்னுடையதல்ல. என் மாமியாருக்குத் தங்கை மகள் ஒருவர் இலங்கையில் புத்தளத்தில் இருக்கிறார். நான் ராத்தா என்றுதான் அழைப்பேன். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "கல்யாணத்துக்கு முன்னம் புள்ளைக்கு எங்கட ஊரக் காட்டணும், நீங்களும் வாங்க" என்றார். அவர் சொன்ன ‘எங்கட ஊர்’ புத்தளம் அல்ல, யாழ்ப்பாணம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

போவது முன்போல் கஷ்டமில்லை. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் விசாரிக்காமல் மூட்டை கட்டாதீர்கள். விசா விதிகளையும் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்தான் ஆறு. உண்மையில் அது ஆறே அல்ல! யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல் பூமி. மழை நீரெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். ஆறு ஓட வழியில்லை. வடமராட்சியை ஒட்டி நீண்டு கிடக்கும் உப்பு நீர் ஏரி வடக்கே கடலில் வாய் திறக்கும் இடம்தான் தொண்டைமானாறு. குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், உப்பு ஏற்றும் மரக்கலங்கள் வந்து போக இந்த வாயை வெட்டி ஆழப்படுத்தினான், அதனால் இந்தப் பெயர் என்று ஊரார் சொல்லும் மரபு உண்டு. கடல் நீர் உள்ளே ஏறாமல் தடுத்து, மழை நீரைத் தேக்கி ஏரியையே நன்னீராக்கிவிடலாம் என்று கடந்த நூற்றாண்டின் நடுவில் கதவுகள் வைத்த தடுப்பணை ஒன்றைக் கட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டும் என்று 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் போட்ட பெரிய திட்டத்திலும் இந்த அணைக்கு இடம் உண்டு. திட்டம் முழுமையடையவில்லை. அணைப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் அசையாத ஏரி, மறு பக்கம் அசைந்துகொண்டே இருக்கும் கடல். மாலையில் அங்கே நின்று பார்த்ததற்கே விமானச் செலவு சரியாகிவிட்டது என்றார் என்னவர். செலவுக் கணக்கில் கண்டிப்பானவர் அவர்!

ஏரிக்கரையிலேயே செல்வச்சந்நிதி முருகன் கோவில் இருக்கிறது. இங்கிருந்து பக்தர்கள் கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் கால்நடையாகவே போகிறார்கள். கதிர்காமத்தில் நம்மவர்களின் பள்ளிவாசலும் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிழக்கே அடுத்த ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, அந்த ஊர் மாலுமிகளே அதை 1938-இல் அமெரிக்கா வரை ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மரைக்காயர்மார் கப்பல் விட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கரையில் ஒரு சொந்தம் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

மேற்கே கொஞ்சம் நடந்தால் அக்கரை. மணலும் நிழலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும். மற்ற நாட்களில் சுபுஹு தொழுதுவிட்டுப் போனால் கடல் நமக்கே. நாங்கள் போன மே மாதத்தில் சோளகக் காற்று வீசியது. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் வடகரையில் அலை அடங்கிக் கிடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும். அப்போது குளியலை மறந்துவிடுங்கள். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அணை வாய்க்குப் பக்கத்தில் எந்த மாதத்திலும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். கதவைத் திறந்தால் ஏரி நீர் இழுக்கும் இழுப்பு மேலே தெரியாது. நாங்கள் அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, இடுப்பளவு நீரில், முழு உடையோடு, மூன்று நாளும் குளித்தோம். ராத்தா மட்டும் கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்தார்.

இனி, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் விஷயம். கடற்கரைக்குப் போகும்போது என்ன பூசிக்கொள்வது?

என் மகள் கொண்டுவந்த பையில் பாதி எடை மேக்கப் சாமான்தான். முதல் நாள் ஃபவுண்டேஷனும் பவுடரும் பூசிக்கொண்டு கிளம்பினாள். ஒரு மணி நேரத்தில் வேர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து முகத்தில் கோடு கோடாக வழித்துவிட்டன. சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பெய்த மாதிரி! இரண்டாம் நாளிலிருந்து என் சொல் கேட்டாள். வெயிலுக்கு வேண்டியது சன்ஸ்கிரீன் ஒன்றுதான். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததாக வாங்குங்கள். புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பே, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசுங்கள். நம்மில் பலர் பொட்டு வைப்பதுபோல் தொட்டுக்கொள்கிறோம், அதனால் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளித்தெழுந்த பிறகும் ஒருமுறை, திரும்பப் பூச வேண்டும். முகத்தை மட்டும் மூடினால் போதாது. ஹிஜாபுக்கு வெளியே தெரியும் கைகளும் பாதங்களும்தான் முதலில் கருக்கின்றன. உதட்டுக்கு வாசலின். நகப்பூச்சை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், தண்ணீர் படாமல் உளூ எப்படிக் கூடும்? மருதாணி இருக்க நமக்கென்ன குறை? ‘வாட்டர்புரூஃப்’ என்று எழுதியிருக்கும் எதையும் உளூவுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவது நல்லது. சுர்மாவிலும் ஓர் எச்சரிக்கை: கடைகளில் வருவதில் பல ஈயக் கல்லைப் பொடித்தவை. சிறு பிள்ளைகளின் கண்ணில் இடாதீர்கள்.

கறுத்துவிடுவோமே என்ற பயம்தான் இதைவிடப் பெரிய ஆபத்து. யாழ்ப்பாண நகரில் ஓர் அலங்காரப் பொருள் கடைக்குப் போனோம். ராத்தாவின் மகள் சின்ன டப்பா ஒன்றைக் கையில் எடுத்தாள். ஒரு வாரத்தில் சிவப்பாகலாம், கல்யாணப் பெண்கள் எல்லாரும் வாங்குகிறார்கள் என்றார் கடைக்காரப் பையன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை, என்ன கலந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. "வேண்டாம்" என்றேன். மகள் முகம் சுருங்கியது. "கலர் கொஞ்சம் கூட வேணும் எண்டு மாப்பிள்ள வீட்ட சொன்னவங்க" என்றாள் மெதுவாக. எனக்குச் சுருக்கென்றது.

சகோதரிகளே, கேரளத்தில் நம்மவர்கள் நிறைந்து வாழும் மலப்புரம் மாவட்டத்தில் நடந்ததை அவளிடம் சொன்னேன். கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்களிடம் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, புரதம் வீணாக வெளியேறுதல். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே அடையாளம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள்! அப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் பொருள் உண்டாவதை அது தடுக்கும். அதனால் முதல் வாரம் வெளுப்புத் தெரியும். அதே பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் தங்கும். கர்ப்பமானால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். உலக நாடுகள் 2013-இல் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளைத் தடுக்கிறது. ஆனால் முகவரி இல்லாத டப்பாவை எந்த உடன்படிக்கை தேடிப் பிடிக்கும்? பெயர் தெரியாத கிரீம் பூசியபின் காலோ முகமோ வீங்கினால், டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

ராத்தா அந்த டப்பாவை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தார். "மாப்பிள்ள வீட்டோட நான் கதைக்கிறன்" என்றார். அவ்வளவுதான். பிறகு போனில் கதைத்தாராம். கல்யாணம் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வாங்க வேண்டியது வேறு எவ்வளவோ இருக்கிறது. பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு, பனையோலைப் பெட்டி, வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள் (வாசனை பெட்டியிலுள்ள துணிக்கெல்லாம் ஏறும், இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள்), பல்லுக்குச் சவாலான பருத்தித்துறை வடை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கொண்டுவர நினைக்காதீர்கள், அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நமது பதநீரை அங்கே கருப்பநீர் என்பார்கள். கள் வேறு, அது வேறு. கேட்டு வாங்குங்கள். ஒடியல் கூழில் மீன், இறால், நண்டு எல்லாம் போடுவார்கள். நண்டு உண்ணாதவர்கள் அடுப்பு வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்திய ரூபாய் ஒன்றுக்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறதே என்று கை தாராளமாகிவிடும். விலையும் அதற்கேற்பத்தான் என்பது மறுநாள்தான் புரியும்.

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகள். அங்கேதான் ராத்தா அந்தக் கதையைச் சொன்னார்.

1990 அக்டோபர் 30. ராத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சோனகத் தெருவில் வீடு. வாப்பாவுக்குத் தையல் கடை. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரையும் ஜின்னா மைதானத்தில் கூட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். நகையும் பணமும் கொண்டுபோகக் கூடாது. வழியில் சோதனை. உம்மாவின் கைவளையல் போனது. ராத்தாவின் காதில் கிடந்த சின்னத் தோடு திருகு இறுகிக் கழலவில்லை. உம்மாவே எச்சில் தொட்டுத் திருகிக் கழற்றிக் கொடுத்தாராம். அந்த அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். 2009-இல் போர் முடிந்த பின்னும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிக் குடியேறியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ராத்தா மகளுக்கு நகை பார்க்கத்தான் போனார். கடைசியில் தனக்கு ஒரு கிராம் தோடு கேட்டார். கடைக்காரர் பெரிய பெரிய டிசைன்களை எடுத்துப் போட, "சின்னப் புள்ளைகள் போடுறது இருந்தாக் காட்டுங்கோ" என்றார். அங்கேயே போட்டுக்கொண்டார்.

சோனகத் தெருவில் அவர்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. நடுவில் ஒரு வேம்பு நெடுநெடுவென்று நின்றது. மகள் போட்டோ எடுத்தாள். பெரிய முகைதீன் ஜும்ஆப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். என்னவர் தொழப் போனார், நாங்கள் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். "இது எங்கட ஊர்தான் புள்ள. எண்டாலும் ரூமுக்குக் காசு கட்டித்தான் படுக்க வேண்டிக் கிடக்கு" என்றார் ராத்தா.

அந்த ரூம் தொண்டைமானாற்றில் ஒரு அம்மா வாடகைக்கு விடும் வீட்டின் பின்கட்டு. அவருடைய ஊர் மயிலிட்டி. அதே 1990-இல், ஜூன் மாதம், சண்டையில் வீட்டை விட்டு ஓடி வந்தவர். அந்தக் கரையை இராணுவம் உயர் பாதுகாப்பு வலயமாக்கி வைத்திருந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017-இல்தான் மக்கள் கைக்கு வந்தது. எல்லாக் காணியும் இன்னும் வரவில்லை. இரவில் ராத்தாவும் அந்த அம்மாவும் குசினி வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஜூன், நாங்கள் ஒக்டோபர் என்று கணக்குப் பார்த்தார்கள். நாங்கள் வெளியேறியபோது உங்கள் ஊர்க்காரர் ஒருவரும் ஏன் வாய் திறக்கவில்லை என்று ராத்தா கேட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பயம், பிள்ளை" என்றார். வேறு சமாதானம் சொல்லவில்லை. ராத்தாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

கடைசி நாள் காலையில் ராத்தாவும் கடலில் இறங்கினார். இடுப்பு வரைக்கும். புதுத் தோடு விழுந்துவிடுமோ என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முங்கினார்!

புறப்படும்போது அந்த அம்மா மூன்று நாள் வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரு பை நிறையப் புழுக்கொடியலைக் கொண்டுவந்து கார் சீட்டில் வைத்தார்.

"இனி எப்ப வாறியள்?"

"ஓகஸ்ட் லீவுக்கு வரப் பாக்கிறன். மருமகனையும் கூட்டிக்கொண்டு."

"ஆவணியில வேண்டாம் பிள்ளை, சந்நிதித் திருவிழா, சனம் நெருக்கும், ரூம் ஒண்டும் மிஞ்சாது. ஆடியிலயே வந்திடுங்கோ. அட்வான்ஸ் ஒண்டும் வேண்டாம், ஒரு கோல் எடுத்தாக் காணும்."