எடை குறைந்துவிட்டது... குழந்தைக்குத்தான் காத்திருக்கச் சொன்னார்கள்!

கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தைக்காகக் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் அலைந்த நாங்கள், ஏழாவது வருஷத்தில்தான் முதன்முறையாக ஆணுறை வாங்கினோம்.

கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். வாங்கப் போன என் கணவருக்கு அப்படி இல்லை. எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரருக்கு எங்கள் கதை முழுக்கத் தெரியும். கரு உருவாகக் கொடுத்த மாத்திரை, ஊசி எல்லாமே அவரிடம் வாங்கியதுதான். அவர் முகத்தைப் பார்த்து இதைக் கேட்க முடியாமல், பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று பஸ் ஸ்டாப் தள்ளியிருந்த கடைக்குப் போய்வந்தார்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். வயது 32. உயரம் 158 சென்டிமீட்டர். கல்யாணத்தன்று 78 கிலோ இருந்தேன். ஆறு வருஷத்தில் அது 108 ஆனது. பி.சி.ஓ.எஸ் என்ற சினைப்பை பிரச்னை எனக்குக் காலேஜ் படிக்கும்போதே இருந்தது. மாத்திரை போட்டால்தான் பீரியட்ஸ் வரும். போடாவிட்டால் மூன்று மாதம், நான்கு மாதம்கூட வராது.

குழந்தைக்காகப் பார்த்த டாக்டர் ஒருநாள் ஃபைலை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "இந்த எடையில கர்ப்பமானா சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ரெண்டும் வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்மா. பிரசவத்துலயும் சிக்கல் வரலாம். முதல்ல எடையைப் பார்ப்போம்."

பார்க்காமல் இருந்தேனா? வாக்கிங், டயட், ஜிம் எல்லாம் முயன்றாயிற்று. 9 கிலோ குறைந்து 12 கிலோ ஏறியது. அதற்குப் பிறகுதான் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தது. கல்யாண வளையலில் நாலு, பீரோவிலிருந்து நகைக்கடன் கவுன்ட்டருக்குப் போயின. கோவையில் சர்ஜரி நடந்தது. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் போலக் குறுகலாக்கித் தைக்கிறார்கள். ஸ்லீவ் சர்ஜரி என்று இதற்குப் பெயர்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு வருஷத்துலேர்ந்து ஒன்றரை வருஷம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. எடை வேகமா இறங்குற நேரம் இது. உங்க உடம்புக்கே சத்து பத்தாதப்ப குழந்தைக்கு எங்கேயிருந்து கொடுப்பீங்க?"

தலையாட்டினேன். ஆறு வருஷமாக வராதது இந்த ஒன்றரை வருஷத்திலா வந்துவிடப் போகிறது என்று உள்ளுக்குள் சிரிப்புதான்.

மூன்றாவது மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு மாத்திரையும் இல்லாமல் பீரியட்ஸ் தானாக வந்தது. அடுத்த மாதம் 29-வது நாளில் மறுபடியும். பாத்ரூமில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். எடை இறங்கும்போது இன்சுலின் சரியாக வேலை செய்ய ஆரம்பிக்கும், நின்றுபோயிருந்த கருமுட்டை வெளியேற்றம் திரும்பத் தொடங்கும், குழந்தையே பிறக்காது என்று நினைத்துக் கவனமில்லாமல் இருப்பவர்கள் பலர் இந்தச் சமயத்தில்தான் கர்ப்பமாகிவிடுகிறார்கள் என்று டாக்டர் விளக்கினார். கருத்தடை மாத்திரை வேண்டாம் என்றார். பைபாஸ் வகை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அது உடம்பில் சரியாகச் சேராமல் போகலாமாம். காப்பர் டி போட்டால் ரத்தப்போக்கு கூடலாம், எனக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. அப்படித்தான் என் கணவர் மூன்று பஸ் ஸ்டாப் தாண்டிப் போக வேண்டிவந்தது.

இதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. காத்திருக்கச் சொன்ன விஷயத்தை வீட்டில் சொல்லவில்லை. கோபி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் மாமியாருக்கு, எடை குறைய ஆபரேஷன் நடந்தது தெரியும். எடை குறைந்தால் குழந்தை வந்துவிடும் என்று அவர் நம்பினார். மாதம் தவறாமல் போன் வரும். "இந்த மாசமும் தலைக்கு ஊத்தியாச்சா கண்ணு?" என்பார். "ஆமாங்க அத்தை" என்பேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

ஏழாவது மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு. அப்போது நான் 83 கிலோ. பட்டுப்புடவை ஜாக்கெட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். வளையல் போட வரிசையில் நின்றபோது உறவில் ஒரு பெரியம்மா என் தோளைத் தொட்டு, "நீ கடைசியாப் போட்டுக்கலாம் சாமி, குழந்தை பெத்தவங்க முன்னாடி வரட்டும்" என்றார். பந்தியில் நான் அரை இட்லியைக் கால் மணி நேரமாக மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து இன்னொருவர், "உடம்பெல்லாம் கரைஞ்சு என்ன பண்றது, வயித்துல ஒண்ணையும் காணோமே" என்றார்.

அன்று ராத்திரி என் கணவரிடம், "இனிமே அதெல்லாம் வேண்டாம்" என்றேன்.

"டாக்டர் சொன்னது?"

"வரிசையில நின்னது டாக்டரா, நானா?"

அவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பிறகு இருவருமே வருத்தப்பட்டோம்.

அடுத்த பீரியட்ஸ் வரவில்லை. 12 நாள் தள்ளிப்போனது. அந்த 12 நாளும் நான் இரண்டு ஆளாக இருந்தேன். ஒருத்தி காலண்டரைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் குதித்தாள். இன்னொருத்தி மாத்திரை டப்பாவைத் திறக்கவே பயந்தாள். ஏனென்றால், குமட்டுகிறது என்று இரண்டு மாதமாக நான் ஒரு சத்து மாத்திரையும் போடவில்லை.

வீட்டில் செய்த டெஸ்ட்டில் ஒரு கோடுதான் வந்தது. நம்பாமல் கோவைக்குப் போனேன். ரத்தப் பரிசோதனையிலும் கர்ப்பம் இல்லை. எடை வேகமாகக் குறையும்போது பீரியட்ஸ் இப்படித் தள்ளிப்போவதும் உண்டு என்றார் டாக்டர். ஆனால் ஹீமோகுளோபின் 8.9. பி12 அளவும் மிகக் குறைவு.

டாக்டர் திட்டவில்லை. "குழந்தையோட மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் ஆரம்பமா ஒரு குழாய் மாதிரி உருவாகும்மா. கரு உண்டான முதல் 28 நாளுக்குள்ள அது மூடிடணும். அதுக்கு ஃபோலிக் ஆசிட் வேணும். உங்களுக்கு விஷயம் தெரியறதுக்குள்ளயே அந்த வேலை முடிஞ்சிடும். அதனாலதான் முன்கூட்டியே மாத்திரை போடச் சொல்றோம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விரல்விட்டு எண்ணினேன். வளைகாப்பு ராத்திரி உண்டாகியிருந்தால் அன்றைக்கு 26 நாள் ஆகியிருக்கும். அந்த 26 நாளும் அது எதைச் சாப்பிட்டு வளர்ந்திருக்கும்? டெஸ்ட்டில் ஒரு கோடு வந்ததற்காக என் வாழ்க்கையில் நான் நிம்மதிப்பட்டது அந்த ஒரு தடவைதான். நிம்மதிப்பட்டதற்காக அழவும் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோபிக்குப் போனோம். மாட்டுக் கொட்டகையில் தீவனம் வைத்துக்கொண்டிருந்த அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்ன கெடு, நான் மீறியது, ரத்தம் குறைந்தது, எல்லாமும்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏங்கண்ணு, இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார். "போன வருஷம் இந்தச் செவலை கன்னு போட்டு எலும்பும் தோலுமா நின்னுச்சே, ஞாபகம் இருக்குதா? சினை ஊசி போட டாக்டர் வந்தப்ப நாந்தான் வேண்டாம்னு திருப்பி அனுப்பிச்சேன். தேறட்டும்னு புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வெச்சேன். மாட்டுக்கே அந்த ரோசனை பண்றவ, உனக்குப் பண்ண மாட்டனா?"

மாட்டோடு சேர்த்துப் பேசியதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்றிலிருந்து போனில் கேள்வி மாறியது. "தலைக்கு ஊத்தியாச்சா" போய், "மாத்திரை போட்டயா கண்ணு?" ஆனது. வாரம் தவறாமல் நாட்டுக்கோழி முட்டை வந்தது. சுண்டலும் பாசிப்பயறும் வந்தன. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும், ஆனால் வயிற்றில் இடமில்லை. அதனால் முதலில் முட்டை, பனீர், பருப்பு. அப்புறம்தான் இட்லியோ சோறோ. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி. இரும்புச்சத்து மாத்திரை காலையில், கால்சியம் ராத்திரியில். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது வேறு. அடுத்த விசேஷ வீட்டில் அதே பெரியம்மா பேச்சை எடுத்தபோது அத்தை முந்திக்கொண்டு, "நாங்கதான் இப்பத்திக்கு வேண்டாம்னு வெச்சிருக்கறோம்" என்றார். அந்த 'நாங்க' என்ற வார்த்தைக்குள் போய் நான் உட்கார்ந்துகொண்டேன்.

18 மாதம் முடிந்தபோது 74 கிலோ. ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியிருந்தது. "இனி முயற்சி பண்ணலாம்" என்றார் டாக்டர். சத்து மாத்திரையையும் மாற்றினார். வைட்டமின் ஏ-யில் ரெட்டினால் வகை அதிகமானால் கருவுக்கு ஆகாது என்பதால், பீட்டா கரோட்டின் உள்ளதை எழுதிக்கொடுத்தார். என் கணவர் இந்த முறை எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்புக்கே நெஞ்சை நிமிர்த்திப் போனார்.

இப்போது 23-வது மாதம். முயற்சி செய்ய ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் பீரியட்ஸ் வந்துவிட்டது. ஆபரேஷன் செய்தாலே குழந்தை நிச்சயம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வயது, கருக்குழாய், கணவரின் விந்தணு என்று பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. எங்கள் இருவருக்கும் பரிசோதனைகள் முடிந்தன, குறை எதுவும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து கருமுட்டை வளர்ச்சிக்கு மாத்திரையும் ஸ்கேனும் ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதே பாதையில் யோசிக்கிற தோழிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஆபரேஷன் செய்யும் டாக்டரும் மகப்பேறு டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும்படி முதலிலேயே கேளுங்கள். காத்திருக்க வேண்டிய காலத்தில் கருத்தடைக்கு என்ன வழி என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கர்ப்பமான பிறகு சர்க்கரைப் பரிசோதனைக்கு குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தால், ஆபரேஷன் நடந்ததைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிலருக்கு அது படபடப்பு, மயக்கம், வாந்தியில் கொண்டுவிடும். வீட்டிலேயே விரலில் குத்திச் சில நாள் சர்க்கரை பார்க்கும் வழி இருக்கிறது. குழந்தையின் வளர்ச்சி குறையாமல் இருக்கிறதா என்று ஸ்கேனில் தொடர்ந்து பார்க்கவும் சொல்வார்கள். மிக முக்கியமாக, காத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். அந்த ரகசியம்தான் என்னைத் தப்புச் செய்யவைத்தது.

போன செவ்வாய்க்கிழமை அழுதேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுதுவிட்டுச் சாப்பிட்டேன், மாத்திரையும் போட்டேன். காலை 7 மணிக்கு அத்தையின் வாய்ஸ் மெசேஜ் வரும். "போட்டாச்சுங்க அத்தை" என்று பதில் போகாவிட்டால், 7.10-க்கு போனே வந்துவிடும்.