வால்வு ஆம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வாத்தியாரின் கணக்கு



கிட்டாரைப் பற்றி எழுதினால் மட்டும் உள்பெட்டி நிறைந்துவிடுகிறது. பின்னக் கணக்கைப் பற்றி எழுதியபோது இரண்டே பேர் லைக் போட்டீர்கள். அதில் ஒருவர் என் மைத்துனர். போகட்டும். போன மாதம், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையனோடு சேர்ந்து வால்வு ஆம்ப் தேடி அலைந்தேன். பையன் என்கிறேன், வயது முப்பத்தி நாலு. நாகர்கோவிலில் வயரிங் வேலை பார்க்கிறான். சனி ஞாயிறு மெல்லிசைக் குழுவில் கிட்டார். கல்யாண சீசனில் வீட்டு வாடகை அந்தக் கிட்டாரிலிருந்துதான் வருகிறது.

சீட்டு எடுத்த பணம் 80,000 ரூபாய் கையில் இருந்தது. இன்னொரு தடவை அந்தத் தொகை சேர மூன்று வருஷம் ஆகும். வீடோ ஒட்டுச்சுவர் வீடு. குழந்தைக்கு எட்டு மாதம். அவன் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "வாங்குங்க, ஆனா பிள்ளை எழும்பப்பிடாது." எந்த விளம்பரத்திலும் இல்லாத அளவுகோல் அது. நான் அதைத்தான் முதலில் குறித்துக்கொண்டேன்.

வளைகுடாவுக்குக் கிளம்பும் ஒருவர் தம் 40 வாட் ஆம்பை விற்கிறார் என்று அவன் அதிலேயே கண்ணாக இருந்தான். "சார், ஒண்ணுதான் வாங்க முடியும். அப்ப பெருசா வாங்கிட்டு வீட்டுல சத்தத்தைக் கொறச்சுக்கிட்டா போச்சுல்லா?" என்றான்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள்.

வால்வு என்றால் என்ன என்று இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பெரிய ரேடியோப் பெட்டி இருந்தது. போட்டவுடன் பாடாது. உள்ளே கண்ணாடிக் குழல்கள் சிவந்து சூடேறிய பிறகுதான் இலங்கை வானொலி மெல்ல எழும்பி வரும். அந்தக் குழல்தான் வால்வு. பெங்களூரில் நம் பெல் நிறுவனமே ரேடியோ வால்வு செய்தது. அப்போது பல ரேடியோக்களின் கடைசிக் கட்டத்தில் இருந்த ஈஎல்84 என்ற அதே வால்வுதான், 1958-இல் வந்த வாக்ஸ் ஏசி15 கிட்டார் ஆம்பிலும் இரண்டு இருந்தது. இன்றைக்கும் அந்தப் பெயரில் வரும் ஆம்பில் ஈஎல்84 இரண்டுதான். ரேடியோக்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன, வால்வு இன்னும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் உற்பத்தியாகிறது, கிட்டார்காரர்களின் புண்ணியத்தில்.

டிரான்சிஸ்டர் தன் எல்லை வரை சுத்தமாகப் பெருக்கும், எல்லையைத் தொட்டதும் பட்டென்று வெட்டும். வால்வு எல்லையை நெருங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்க ஆரம்பிக்கும். அந்த அமுங்கலில்தான் ருசி. மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் ஒரு கரகரப்பு. கிட்டாரிலுள்ள வால்யூம் குமிழைக் குறைத்தாலே மறுபடி தெளிந்துவிடும். இதற்குத்தான் காசு கொடுக்கிறோம். ஆனால் ஒன்று: ஆம்ப் ஓரளவு உழைத்தால்தான் இது கிடைக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் வால்வில் அந்த ருசி இல்லை.

இப்போது கணக்கு. பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்றுவதற்குச் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். அப்படியானால் 15 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? நாலேகால் டெசிபெல். அவ்வளவுதான். 97 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபெல் ஸ்பீக்கர் போட்டால் வாட்டை இரண்டு மடங்காக்கிய பலன் அப்படியே கிடைத்துவிடும். ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது, பரீட்சைத் தாளின் பக்கங்களை எண்ணி மார்க் போடுகிற மாதிரி.

இதையே மறுபக்கம் திருப்புங்கள். 98 டெசிபெல் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலும் ஒரு மீட்டர் தள்ளி 98 டெசிபெல் கேட்கும். 15 வாட் முழுதாகக் கொடுத்தால் கிட்டத்தட்ட 110. ஒட்டுச்சுவர் வீட்டில் ஒரு வாட்டே அதிகம். ஆகவே 40 ஆனாலும் 15 ஆனாலும் வீட்டில் முழுச் சத்தத்தில் வாசிக்கவே முடியாது. இரண்டிலும் மாஸ்டர் வால்யூமைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். வித்தியாசம் மேடையில்தான் வருகிறது. 15 வாட், மேடையிலாவது உழைக்கும். 40 வாட்டை அங்கேயும் பாதி வழியில் நிறுத்திவிடுவார்கள், பாடகர் திரும்பிப் பார்ப்பார். வாழ்நாள் முழுக்க உழைக்காத வால்வுக்கு எதற்கு 40?

முதலில் அந்த 40 வாட்டையே போய்ப் பார்த்தோம். குமிழ் ஒன்றில் பூனை முனகல், ஒன்றரையில் தெருவே திரும்பிப் பார்த்தது. நடுவில் இடமே இல்லை. தூக்கிப் பார்க்கச் சொன்னேன். இருபது கிலோ இருக்கும். இவனோ பைக்கில் போகிறவன். பிறகு திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், ஈஎல்84 இரண்டு. அங்கே போனதும் எல்லோரும் செய்வதைப் போலச் சத்தமாக வாசித்துக் காட்ட ஆரம்பித்தான். "நிறுத்து மக்களே. இப்ப உன் பிள்ளை தூங்குது. வாசி," என்றேன். மாஸ்டரைக் குறைத்து, பேச்சுக்குரல் அளவில் பத்து நிமிஷம் வாசித்தான். முழு ருசி இல்லை. ஆனால் விரலுக்குப் பதில் சொன்னது. ஒரு ஆம்பை முதலில் குறைந்த சத்தத்தில் சோதிக்க வேண்டும், எந்த ஆம்பும் சத்தமாக வைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.

வால்வே வேண்டாம் என்றும் அவனிடம் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் ஹெட்போனில் வாசிக்க, எடை குறைவாகத் தூக்கிப் போக, இன்றைய டிஜிட்டல் ஆம்புகள் பாதி விலையில் தாராளமாகப் போதும். பலருக்கு என் சிபாரிசு அதுதான். "தெரியும் சார், இதுதான் வேணும்," என்றான். சில ஆசைகளுக்குக் கணக்கு வாத்தியார் குறுக்கே நிற்கக் கூடாது.

மேடைக்கு 15 வாட் போதுமா என்று இரண்டு மருமக்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். நம் ஊர் மண்டபத்தில் எல்லாமே மிக்ஸர் வழியாகத்தான் போகிறது. ஆம்பின் ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைத்தால் மீதியை மண்டபத்து ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். மைக்கை ஸ்பீக்கரின் நட்டநடுவுக்கு வைத்தால் சத்தம் கூராக இருக்கும், கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் பதமாகும். ஆம்பைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றிச் சற்றுச் சாய்த்து வையுங்கள், முழங்காலுக்குக் காது கிடையாது. ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைக் இல்லாமல் டிரம்ஸோடு ஒத்திகை பார்த்தால் 15 வாட்டில் சுத்தமான ஒலி சீக்கிரம் உடைந்துவிடும். 'இளைய நிலா' கேட்காத கல்யாண வீடு உண்டா? அதற்குக் கரகரப்பு ஆகாது. ஒத்திகையில் டிரம்ஸ்காரரைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லியிருக்கிறான். சுத்த ஒலியே பிரதானம் என்றால் 6வி6 வால்வு இரண்டு உள்ள, 22 வாட் வகையைப் பாருங்கள். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் அப்படிப்பட்டது. விலையும் அப்படிப்பட்டது.

இனி மின்சாரம். இதை மட்டும் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கொண்டு வந்தார் என்றால் பின்பக்கம் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நம் 230-இல் நேராகச் சொருகினால் அத்தோடு சரி, தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். நம் வயர்மேனிடமே நான் அழுத்திச் சொன்னேன்: "ஸ்விட்ச அணச்சா கரண்டு போயிரும்னு உனக்குப் பழக்கம். இதுக்குள்ள கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல அப்படியே நிக்கும். பிளக்கப் பிடுங்கின பிறகும் கைய விடாத."

எர்த் அதைவிட முக்கியம். கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தவை. ஆம்ப் ஒரு லைனிலும் மைக் செட் வேறு லைனிலும் இருந்து, ஒன்றில் எர்த் கெட்டிருந்தால், கையில் கம்பி, உதட்டில் மைக் என்று நிற்பவர் உடம்பு வழியாக மின்சாரம் பாயும். 1972-இல் வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். கோயில் கொடையில் ஜெனரேட்டர் ஓட்டுகிற நம் ஊரில் இது தூரத்துச் செய்தி அல்ல. மூன்றாவது முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனையில் சொருகுகிறவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நம் பையன் இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் கிட்டார் உறையைத் திறக்கும் முன் டெஸ்டரை எடுக்கிறான்.

கடைசியில் 62,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். மீதியில் ஒரு ஜோடி மாற்று வால்வு, நல்ல மைக் ஒன்று, ஒரு ஸ்டெபிலைசர். மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்தில் முதல் தடவையாக வாசித்தான், நானும் போயிருந்தேன். ஆம்பின் குமிழ் ஐந்தில் நின்றது. குழந்தை பாட்டியின் மடியில் விழித்துக்கொண்டுதான் இருந்தது, நாதஸ்வரக்காரர்கள் ஏற்கெனவே எழுப்பிவிட்டிருந்தார்கள்.

திருவட்டாரிலிருந்து கேட்ட தம்பிக்கு: பேஸ் கிட்டாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு வாட் நிஜமாகவே அதிகம் வேண்டும். அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே, ஞாயிறு மதியத்துக்கு மேல் போன் பண்ணு.