பாதியில் பேப்பர் போட்டவர்கள்

ஆபீசில் ஒருவன் பேப்பர் போட்டால் நாம் என்ன செய்வோம்? முதலில் 'எங்கேப்பா, எவ்வளவு தர்றான்?' என்று கேட்போம். அப்புறம் கொஞ்ச நேரம் வயிறு எரியும். மூன்றாவதாக, அவன் விட்டுப்போகிற ஃபைல்கள் யார் தலையில் விழப்போகின்றன என்று சுற்றுமுற்றும் பார்ப்போம். வெளிநாட்டு கூடைப்பந்து டீமில் சேர்ந்துவிட்டு, சீசன் நடுவிலேயே ஊருக்குக் கிளம்பிவிடும் அமெரிக்கப் பையன்களைப் பற்றிப் படிக்கிறபோது எனக்கு அந்த மூன்றாவது கேள்விதான் முதலில் வரும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் வருஷத்துக்கு ஒருமுறை 'டிராஃப்ட்' நடக்கும். 30 டீம்களும் வரிசையாக நின்று பையன்களைப் பொறுக்கி எடுக்கும். எத்தனையாவது ஆளாக உங்களை எடுக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் முதல் சம்பளம். 2006 டிராஃப்டிலிருந்து ஒரு விதி: அந்த வருஷத்துக்குள் 19 வயது ஆகவேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஒரு வருஷமும் ஓடியிருக்கவேண்டும். அந்த ஒரு வருஷத்தை எங்கே தள்ளுவது? காலேஜில் ஸ்காலர்ஷிப் உண்டு, ஆனால் அப்போதெல்லாம் சம்பளம் கிடையாது. தன் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில் நடிக்கக்கூட 2021 வரை தடை. ஆகவே சிலர் விமானம் ஏறினார்கள். 2008-ல் பிராண்டன் ஜென்னிங்ஸ் ரோமுக்குப் போனார். 2014-ல் எம்மானுவேல் மூடியாய் சீனாவுக்கு. 2018-ல் ஆஸ்திரேலிய லீக் 'நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்' என்று ஒரு திட்டமே போட்டு, வாங்க ராஜா என்று கூப்பிட்டது.

அப்படி 2019-ல் வந்தவர்தான் லமெலோ பால். 18 வயசு. சிட்னிக்குத் தெற்கே வோலங்காங் என்று ஒரு கடலோர ஊர். நிலக்கரியும் உருக்காலையும்தான் அதன் அடையாளம். அந்த ஊர் டீம் இல்லவாரா ஹாக்ஸ். பையன் வந்து கொஞ்ச நாளில், அக்டோபரில், அதே டீமின் சீனியர் ஆரன் புரூக்ஸுக்குக் குதிகால் நரம்பு அறுந்துபோனது. என்.பி.ஏ.யில் பல வருஷம் ஆடிய மனுஷன். ஒரே நொடியில் சீசன் காலி. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த பையனின் மனசில் என்ன ஓடியிருக்கும்?

புரூக்ஸ் இல்லாததால் பந்து லமெலோ கைக்கு வந்தது. நவம்பர் கடைசியில் கெய்ர்ன்ஸ் டீமுக்கு எதிராக 32 பாயின்ட், 11 ரீபவுண்ட், 13 அசிஸ்ட். அடுத்த மேட்சில் நியூசிலாந்து பிரேக்கர்ஸுக்கு எதிராக 25, 12, 10. உலகமே திரும்பிப் பார்த்தது. டிசம்பரில் பாதத்தில் அடி. நாலு வாரத்தில் வந்துவிடுவார் என்றார்கள். ஜனவரியில், இனி வரமாட்டார், டிராஃப்டுக்குத் தயாராகப் போகிறார் என்றார்கள். மொத்தம் ஆடியது 12 மேட்ச். அந்த சீசனில் ஹாக்ஸ் 28 மேட்ச் ஆடி 5-ல் ஜெயித்து, கடைசி இடம் பிடித்தது. மார்ச்சில் கிளப்பே பணமில்லாமல் நிர்வாகியின் கைக்குப் போனது.

பிப்ரவரியில் பிரேக்கர்ஸிலிருந்து ஆர்.ஜே. ஹாம்ப்டனும் கிளம்பினார். இடுப்பில் அடிபட்டுத் தேறி வந்தவர். காரணம் அதேதான்.

இதில் விதி ஒரு வேடிக்கை செய்தது. டிராஃப்ட் நடக்கவேண்டியது 2020 ஜூன் 25. கொரோனா வந்து எல்லாவற்றையும் தள்ளி, கடைசியில் நவம்பர் 18-ல் நடந்தது. ஜனவரியில் அவசரமாகக் கிளம்பிய பையன் பத்து மாசம் காத்திருந்தார்! காத்திருந்தது வீண்போகவில்லை. 3-வது ஆளாக சார்லட் டீம் எடுத்தது. நாலு வருஷத்துக்கு சுமார் 3.5 கோடி டாலர். 2021-ல் சிறந்த புதுமுகம் விருது வேறு. ஹாம்ப்டனுக்குக் கிடைத்தது 24-வது இடம். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே சம்பளத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். ஒரே வழியில் போன இரண்டு பேர்.

"சம்பளம் வாங்கிட்டு பாதியில் ஓடலாமா? விசுவாசம் வேண்டாமா?" என்று டீக்கடையில் கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு முட்டி சரியாக இருக்கிறது. எனக்கு இல்லை.

காலேஜ் முடித்த வருஷம் ஒரு கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு ஆபீஸ் வேலைக்கு செலக்‌ஷன் டிரையல்ஸ். இன்னும் பதினோரு நாள் பாக்கி. மாவட்ட டோர்னமென்ட் செமிஃபைனல் அன்று கிளப் செக்ரட்டரி வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒரே ஒரு மேட்ச் தம்பி. நீ இல்லேன்னா அஞ்சு பேர் தேறாது."

"சார், டிரையல்ஸ் இருக்கு..."

"அட, உனக்கு ஷூ வாங்கிக் கொடுத்ததே கிளப்தானேப்பா!"

அம்மா காபி கொடுத்தாள். அதற்குமேல் எப்படி மறுப்பது? போனேன். மூன்றாவது குவார்ட்டரில் ஒரு ரீபவுண்டுக்கு எம்பி, இறங்கும்போது எவன் காலிலோ மிதித்தேன். வேர்க்கடலை உடைப்பது மாதிரி ஒரு சத்தம். மேட்சில் ஜெயித்தோம். செக்ரட்டரி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கப்பின் அழகை வர்ணித்தார். அந்த வேலை எனக்குப் பாஸ் போட்டுக்கொண்டிருந்த பையனுக்குக் கிடைத்தது. நல்லவன், இன்றைக்கும் தீபாவளிக்குப் போன் செய்வான். நான் மூன்று வருஷம் கழித்து பரீட்சை எழுதி, வேறொரு ஆபீசில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தே செய்கிற வேலை. முட்டிக்கு நல்லது.

அதனால்தான், பையன் பெட்டி கட்டினான் என்றால் எனக்குக் கோபம் வருவதில்லை. கிளப்புக்கு அது ஒரு சீசன். அவனுக்கு இருப்பது ஒரே ஜோடி கால். தவிர, 'எங்களிடம் வா, இங்கிருந்து என்.பி.ஏ.வுக்குப் போ' என்று சொல்லித்தான் அந்த லீக் கடையே திறந்தது. போனபிறகு போய்விட்டானே என்று அழுதால் எப்படி?

எல்லோரும் போவதில்லை என்பதும் உண்மைதான். லூக்கா டான்சிச் 2018 மே மாதம் ரியல் மாட்ரிட்டுக்காக யூரோலீக் ஜெயித்தார். ஜூன் 19-ல் ஸ்பெயின் லீக்கையும் ஜெயித்தார். இரண்டே நாளில் டிராஃப்ட், 3-வது இடம். பிரான்சின் விக்டர் வெம்பன்யாமா 2022 அக்டோபரில் லாஸ் வேகாஸ் பக்கத்தில் ஒரு கண்காட்சி மேட்சில் 37 பாயின்ட் அடித்தபோது, 'போதும் தம்பி, இனி ஆடாதே, முதல் இடம் உனக்குத்தான்' என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை. சீசன் முழுக்க ஆடி, ஃபைனலில் மொனாக்கோவிடம் மூன்று மேட்சும் தோற்று, ஒரு வாரத்தில் முதல் ஆளாகத் தேர்வானார்.

இவர்களைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவது நியாயமில்லை. டான்சிச் 13 வயசில் மாட்ரிட்டுக்கு வந்தவர்; அந்த கிளப்தான் அவருக்கு வீடு. வெம்பன்யாமா பிறந்த நாட்டிலேயே ஆடினார். லமெலோவுக்கு வோலங்காங் ஒரு லாட்ஜ் அறை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். போகிறபோது சும்மா போகவில்லை. அந்த ஜனவரியில் காட்டுத்தீயில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு மாச சம்பளத்தைக் கொடுத்தார். 18 வயசில் நான் யாருக்கும் ஒரு டீகூட வாங்கிக் கொடுத்ததில்லை.

அமெரிக்கப் பையன்கள் இப்படிக் கடல் தாண்டுவதற்கு இப்போது காரணம் குறைந்துவிட்டது. 2025-லிருந்து காலேஜ்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது.

சரி, அந்த ஃபைல்கள் யார் தலையில் விழுந்தன? மீதி மேட்சுகளை ஆடிய, டி.வி. கேமரா தேடாத அந்தப் பத்துப் பேர் தலையில். அவர்களில் ஒருவர் சாம் ஃபுரோலிங். அவரே 2018 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு காலேஜ் டீமை சீசன் நடுவில் விட்டுவிட்டு ஆஸ்திரேலியா திரும்பியவர்தான். ஹாக்ஸுக்கு வந்தவர், டீம் கடைசி இடத்தில் கிடந்தபோதும் இருந்தார், புது முதலாளிகள் வந்தபோதும் இருந்தார். 2025 மார்ச்சில் வோலங்காங்கில் மெல்போர்ன் யுனைடெட்டை ஐந்தாவது ஃபைனலில் ஜெயித்து, 2001-க்குப் பிறகு முதல்முறையாக ஹாக்ஸ் கோப்பையைத் தூக்கியபோது அவர் அந்த டீமில்தான் இருந்தார்.