மைனருக்குச் சளி

அப்பாவின் நோட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரமுடியுமா என்று டாக்டர் கேட்டபோது, ஒரு வாரக் கடைசியில் முடிந்துவிடும் வேலை என்றுதான் நினைத்தேன். கோடு போட்ட பழைய நோட்டு. பாதிப் பக்கங்களில் கிரீஸ் கைரேகை. ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரிகளுக்கு மேல் இல்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்து மட்டும் குண்டு குண்டாக, தெளிவாக இருக்கும்.

டாக்டர் ஓய்வுபெற்ற மருத்துவர், சீனர். அவரிடம் 1965-இல் வந்த பச்சை நிற மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. அது அவருடைய தகப்பனார் வாங்கிய வண்டி. எழுபதுகளிலிருந்து அதற்கு வைத்தியம் பார்த்தவர் என் அப்பா. பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றில் டாக்டர் உறுப்பினர். மலேசியா சிங்கப்பூர் விண்டேஜ் கார் ரெஜிஸ்டர் மாதிரியான பெரிய அமைப்பு அல்ல இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காப்பிக்கடையில் கூடும் பத்துப் பன்னிரண்டு பேர். உதிரி பாகம் எங்கே கிடைக்கும், எந்தப் பட்டறையில் இன்னும் கார்பரேட்டர் தெரிந்த ஆள் இருக்கிறார், யாரிடம் எந்தக் கருவி இரவல் கிடைக்கும் என்று ஒருவருக்கொருவர் கைகொடுப்பவர்கள். அப்பா 2019-இல் காலமான பிறகு அவர்களுக்கு ஒரு சங்கடம் வந்துவிட்டது. ஐந்து மைனர்களுக்கு அவர்தான் வைத்தியர்.

சிங்கப்பூரில் பழைய கார் வைத்திருப்பது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். 1990-இலிருந்து இங்கே கார் வாங்குவதற்கு முன்னால் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் வாங்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ். பத்து வருடம்தான் செல்லும். அதன்பின் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டும். 2023-இல் சிறிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. காருக்கு அல்ல, காகிதத்துக்கு. ஆகவே இந்த ஊரில் கார்கள் கிழவாவதில்லை. 35 வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் தனியாக ஒரு திட்டம் உண்டு. செலவு குறைவு, ஆனால் வருடத்தில் 45 நாட்களுக்கு மேல் ஓட்ட முடியாது. டாக்டர் அந்த 45 நாட்களையும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருப்பார். கல்யாணத்துக்கு நாள் குறிப்பது போல.

அப்பா 1957-இல் பதினாறு வயதில் மன்னார்குடிப் பக்கமிருந்து தாய்மாமனோடு வந்தவர். கிளந்தான் லேன் பக்கம் ஒரு சீனத் தௌக்கேயின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அப்போது ஜாலான் புசார், லெம்பு ரோடு, டெஸ்கர் ரோடு எங்கும் இரும்பும் எண்ணெயும்தான். பட்டறை மொழி என்று தனியாக ஒன்று இருந்தது. மலாய்ச் சொல், ஹொக்கியன் வசவு, ஆங்கிலப் பாகப் பெயர், இவற்றைக் கோக்க தமிழ் வினைச்சொல். "அந்த நட்டு ரோசாக், ஸ்பேனர் குடு, ஆத்தி ஆத்தி" என்பார் அப்பா. வீட்டிலும் அப்படியே பேசுவார். அம்மா சிரிப்பார். மைனர் என்ற பெயரே அம்மாவுக்குச் சிரிப்புதான். "உங்கப்பா மைனரோட ஊர் சுத்திட்டு நடுராத்திரிதான் வருவாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். சில்க் ஜிப்பாவும் தங்கச் சங்கிலியுமாக ஒரு மைனரை நான் சிறுவயதில் கற்பனை செய்துவைத்திருந்தேன்.

அந்த மைனரின் கதையும் கொஞ்சம் வேடிக்கையானதுதான். 1948-இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னால் மினி காரைக் கொடுத்த அதே மனிதர். முதல் மாதிரி தயாரான பிறகு கார் ஒடுங்கலாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அதற்குள் பம்பர்கள் அடிக்கப்பட்டுவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டார்கள். ஆரம்ப கால மைனர்களின் பம்பர் நடுவே அந்த ஒட்டைப் பார்க்கலாம். தையற்காரர் சட்டைக்குக் கைக்குட்டை வைத்துப் பெரிதாக்குவது போல. பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். அதன் அண்ணன் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் இந்தியாவுக்குப் போய் அம்பாசடர் ஆனது. உத்தர்பாராவில் 2014 வரை உயிரோடிருந்தது. தொண்ணூறுகளில் அப்பாவோடு முதல்முறை ஊருக்குப் போனபோது, திருச்சியில் டாக்சியில் ஏறும் முன்பு அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஓட்டுநர் மிரண்டுவிட்டார். "நம்ம ஆளுதான்" என்றார் அப்பா.

எண்பதுகளில் பட்டறைகள் சின் மிங், ஊபி என்று நகரின் வெளிப்பக்கம் போயின. அப்பாவும் போனார். அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு கூப்பிட்டவர்களுக்கு மட்டும் போய்ப் பார்த்தார். நான் அவரோடு போனதில்லை. உயர்நிலைப் பள்ளியில் ஒருநாள் அறிக்கை அட்டை வாங்க வந்தவர், ஆசிரியையின் மேசைமேல் கை வைத்தார். நகக்கண்ணில் கறுப்பு. பக்கத்து மேசைப் பையன் பார்த்தான். அதற்குப் பிறகு அம்மாவை மட்டும் வரச்சொன்னேன். அப்பா காரணம் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் குளியலறையில் பழைய பல் துலக்கியும் சோப்புத்தூளும் வைத்து நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்க்காதது போல் போய்விட்டேன்.

2017-இல்தான் முதல்முறை கூடப் போனேன், அதுவும் அவருக்கு முழங்கால் முடியாததால். டாக்டர் வீட்டு வாசலில் மைனர் நின்றது. அப்பா வண்டியைச் சுற்றி வரவில்லை, தொடவில்லை. ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எஸ்.யு. கார்பரேட்டரின் அடியில் ஒரு சிறு பின் இருக்கிறது. மேலே தள்ளினால் உள்ளிருக்கும் பிஸ்டன் மயிரிழை உயரும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அப்பா விரலால் ஒருமுறை தள்ளினார். "பசிக்குது" என்றார். ஜெட்டுக்குக் கீழே இருக்கும் நட்டை ஒரு முகம் இறக்கினார். மறுபடி தள்ளினார். "ம்" என்றார். ஐந்து நிமிடம். டாக்டர் கொடுத்த கவரை வாங்க மறுத்து, தே ஓ மட்டும் குடித்துவிட்டு வந்தார். டாக்டர் கார் கதவைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார், நோயாளியை அனுப்பி வைப்பது போல.

அதே வருடம் ஜூலை 10-ஆம் தேதி சுங்கை ரோடு சந்தை மூடப்பட்டது. திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கிய அந்த இடத்தில் அப்பாவின் கருவிகளில் பாதி வாங்கப்பட்டவை. கடைசி நாள் போக வேண்டும் என்றார். கூட்டம் தாங்கவில்லை; பாதிப்பேர் கேமராவோடு வந்தவர்கள். அப்பா ஒரு கிழவரிடம் பேரம் பேசி ஐந்து வெள்ளிக்கு ஃபீலர் கேஜ் வாங்கினார். இடைவெளி அளக்கும் தகடுகள். வீட்டில் அதுபோல் மூன்று இருந்தன. ஏன் என்று கேட்டேன். "இனிமே எங்க வாங்குறது" என்றார். இனி அவர் எதை அளக்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

எண்கள் சுலபமாக இருந்தன. வால்வு 12, பாயிண்ட் 15, பிளக் 25. எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் பங்கு. 1, 3, 4, 2 என்று சிலிண்டர்கள் எரியும் வரிசை. ஊசி 'ஏஎன்'. மைனர் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் பொருந்தின. "பேட்டரி பிளஸ் பாடியில, மறக்காதே" என்று பெட்டி கட்டி எழுதியிருந்தார். இந்தக் கார்களில் நேர்மின் முனைதான் உடம்போடு இணையும், இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். அது தெரியாத ஒரு பட்டறையில் சங்கத்துக்காரர் ஒருவரின் வண்டி ரேடியோ புகைந்துபோனதாம். 'பசி', 'திகட்டல்' இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தன. பெட்ரோல் குறைவு, அதிகம். பெருமையாக அடிக்குறிப்பு போட்டேன்.

1998-ஆம் வருடப் பக்கத்தில் ஒரு வரி: "ஈயம் போச்சு. சீட்டு மாத்தியாச்சு." இருக்கை மாற்றப்பட்டது என்று எழுதி அனுப்பினேன். டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். இருக்கைகள் தன் தகப்பனார் காலத்தவை, ஒருபோதும் மாற்றவில்லை என்றார். குரலில் லேசான வருத்தம், யாரோ வீட்டுக்குள் திருடன் வந்து போனதாகச் சொன்னதுபோல. பிறகுதான் புரிந்தது. 1998-இல் சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய எஞ்சின்களில் வால்வு வந்து உட்காரும் விளிம்பை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. அது இல்லாததால் கடினமான உலோகத்தில் வால்வு சீட் போட்டிருக்கிறார் அப்பா. நான் நாற்காலி என்று எழுதிவிட்டேன். அன்றே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும்.

பல பக்கங்களில் ஒரே குறிப்பு: "சளி. கிண்ணம் துடைச்சாச்சு." பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. சளியை 'குளிர்' என்று வைத்துக்கொண்டேன். எஞ்சின் குளிர்ந்து கிடந்து தடுமாறுகிறது. சிங்கப்பூரில் என்ன குளிர் என்று ஒருகணம் தோன்றாமல் இல்லை. மழைக்காலம்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். கிண்ணம்? சக்கரத்தின் நடுவில் பளபளக்கும் மூடி. வைத்தியம் முடிந்ததும் அதைத் துடைத்துக் கொடுப்பது அப்பாவின் வழக்கமாக இருக்கும் என்று எழுதினேன். சங்கத்துக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. என்ன ஒரு கைத்தொழில் மரியாதை என்றார்கள்.

2023 டிசம்பரில், ஒரு வாரம் விடாத மழைக்குப் பிறகு, டாக்டரின் மைனர் இருமத் தொடங்கியது. நன்றாக ஓடும், திடீரென்று இரண்டு இருமல், மறுபடி ஓடும். சங்கத்து நண்பர்கள் இருவர் வந்து என் மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிர்தான் காரணம் என்று ஜெட் நட்டை இறக்கிப் பெட்ரோலைக் கூட்டினார்கள். பிறகு இன்னும் கொஞ்சம். கறுப்புப் புகை வந்தது, இருமல் போகவில்லை. பிளக்குகள் நான்கும் கரிக்கட்டை. புக்கிட் தீமா சாலையில் வண்டி நின்று, இழுவை லோரியில் ஏற்றி ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாளும் 45-இல் ஒன்று. டாக்டர் என்னைக் குறைசொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வரமுடியுமா என்று மட்டும் கேட்டார்.

பட்டறையில் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஜப்பான் வண்டிகளுக்கு பிரேக் மாற்றுவதுதான் அவருடைய வேலை. மைனரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இது நம்ம ஊரு அம்பாசடர் சொந்தக்காரன்ல?"

மாமா பட்டறையில் அம்பாசடரில்தான் தொழில் படித்தாராம். நோட்டை நீட்டினேன். டயர்மேல் உட்கார்ந்து புரட்டினார். 'சளி' வந்த இடத்தில் நின்று சிரித்தார்.

"தண்ணி இறங்கியிருக்குண்ணே. மழையில டாங்குக்குள்ள வேர்த்து, பெட்ரோலோட வந்து கார்பரேட்டர் கிண்ணத்துல அடியில நிக்கும். பெட்ரோல் மேல, தண்ணி கீழ. ஜெட்டுக்குப் போற குழாய் கிண்ணத்தோட அடியிலேருந்துதானே போகுது? தண்ணி ஒரு சொட்டு போனா இருமும். அதான் சளி."

மூன்று திருகு. மிதவைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து உள்ளே இருந்ததைக் கண்ணாடிக் குவளையில் இறக்கினார். அடியில் ஒரு விரல் தண்ணீர், முட்டை முட்டையாக உருண்டது. கிண்ணத்தைத் துணியால் துடைத்தார். ஜெட் நட்டைப் பழைய இடத்துக்கு ஏற்றினார். பின்னைத் தள்ளிக் காது கொடுத்துக் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குவளையைப் பார்த்தேன்.

சக்கர மூடி பற்றிய பத்தியை அழிக்க வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அவர் நோட்டை விடவில்லை. ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, நான் தப்பாக எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்திக்கொண்டேன். பதினேழு இருந்தன. கடைசிக்கு முந்திய பக்கத்தில் அவர் நின்றுவிட்டார்.

"அண்ணே, இது மட்டும் வெளங்கல. 'பிரேக் மாஸ்டர் கால் அடியில. டார்ஷன் பார் கழட்டணும். ஆத்தி ஆத்தி.' யாரண்ணே அந்த ஆத்தி?"

மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க, முறுக்கேறி நிற்கும் சஸ்பென்ஷன் கம்பியைக் கழற்ற வேண்டும். தவறினால் கை போய்விடும். அது மலாய்ச் சொல் என்றேன். ஹாத்தி ஹாத்தி. ஜாக்கிரதை, ஜாக்கிரதை.

"அட, நான் ஆத்தின்னு யாரோ பொம்பளைய நெனச்சுக்கிட்டு எழுதிட்டாருன்னு பாத்தேன்" என்றார். இருவரும் சிரித்தோம். டாக்டர் என்னவென்று கேட்டார். அவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன், சிரிக்கும்படியாகச் சொல்ல வரவில்லை.